தைராய்டு குறைந்தால் கொழுப்பு ஏன் ஏறுகிறது? கல்லீரல் செல்லுக்குள் நடப்பது

கேள்வி இதுதான். கோபிப் பக்கத்து ஊர், கோவையில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இறுதியாண்டு. அம்மாவுக்கு டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 38, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 190. மருத்துவர் கொழுப்பு மாத்திரை எதுவும் தராமல் தைராய்டு மாத்திரை மட்டும் எழுதி, மூன்று மாதம் கழித்துக் கொழுப்பைப் பார்க்கலாம் என்று அனுப்பியிருக்கிறார். கழுத்துச் சுரப்பிக்கும் கல்லீரல் மரபணுவுக்கும் என்ன தொடர்பு, இதையே ஹெப்-ஜி2 செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதக் கல்லீரல் புற்றுச் செல் வரிசை) புராஜெக்டாகச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவர் செய்தது சரி. அம்மாவின் கல்லீரலில் எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து உள்ளே இழுக்கும் புரதத்தின் மரபணு அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அமுக்கி வைத்திருப்பது தைராய்டு ஹார்மோனின் ஏற்பியேதான், அதாவது ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம். ஹார்மோன் வராவிட்டால் ஏற்பி சும்மா கிடக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தப் பாடத்தில் மாணவர்கள் தடுமாறும் இடமும் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஹார்மோன் கல்லீரல் செல்லுக்குள் வந்து சேரும் வழி. தைராய்டு சுரப்பி ஒரு நாளில் சுரப்பதில் பெரும்பகுதி டி4, ஏறக்குறைய 80 முதல் 100 மைக்ரோகிராம். மரபணுவில் வேலை செய்வது டி3. அதைச் சுரப்பி நேரடியாகத் தருவது மிகக் கொஞ்சம். உடலில் உள்ள டி3-இல் சுமார் 80 சதவீதம், டி4-இலிருந்து ஒரு அயோடின் அணுவைக் கழற்றித் திசுக்களிலேயே செய்யப்படுவது. கல்லீரலில் அந்த வேலையைச் செய்வது டைஅயோடினேஸ்-1 என்னும் நொதி. அதன் மையத்தில் செலீனியம் இருக்கிறது. செல்லுக்குள் நுழைய ஹார்மோனுக்குக் கதவும் வேண்டும். எம்சிடி8, எம்சிடி10, ஓஏடிபி வகைப் புரதங்கள் அந்தக் கதவுகள். கல்லீரலுக்கு எம்சிடி8 ஒன்றே கதி என்றில்லை. எம்சிடி8 மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகளின் இரத்தத்தில் டி3 கூடுதலாக இருக்கும். அவர்களின் மூளை ஹார்மோனுக்கு ஏங்கும்போது கல்லீரல் அளவுக்கு மீறிய ஹார்மோனில் ஊறிக் கிடக்கும். ஒரே இரத்தம் ஓடினாலும் ஒவ்வொரு உறுப்பும் தனக்கென்று வேறொரு தைராய்டு நிலையில் இருக்க முடியும். இரத்தப் பரிசோதனைத் தாளை வைத்து எல்லா உறுப்புக்கும் ஒரே முடிவு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்தது ஏற்பி. மனிதரில் இதற்கு இரண்டு மரபணுக்கள். ஆல்ஃபா ஏற்பிக்கான டிஎச்ஆர்ஏ 17-ஆம் குரோமோசோமில், பீட்டா ஏற்பிக்கான டிஎச்ஆர்பி 3-ஆம் குரோமோசோமில். இதயத்திலும் எலும்பிலும் ஆல்ஃபா ஓங்கி நிற்கும், கல்லீரலில் பீட்டா-1. மருந்து பற்றிப் பேசும்போது இந்தப் பிரிவினை திரும்ப வரும், நினைவில் வையுங்கள். ஹார்மோன் வேலை செய்யும் இடம் செல்லின் உட்கரு என்பதே ஒரு காலத்தில் தெரியாது. தைராய்டு நீக்கிய எலிகளுக்கு டி3 கொடுத்தால் கல்லீரலில் புரத உற்பத்தி கூடுவதற்கு முன்பே ஆர்என்ஏ உற்பத்தி கூடுகிறது என்று 1960களில் ஜாம்ஷெட் டாட்டா காட்டினார். டி3 ஒட்டும் இடங்கள் எலியின் கல்லீரல் உட்கருவிலேயே இருப்பதை 1972-இல் ஜாக் ஓப்பன்ஹைமர் குழு கண்டது. 1986-இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அந்த ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தன. சுரப்பி கழுத்தில் இருந்தாலும், இந்தக் கண்டுபிடிப்புகளில் பாதி எலியின் கல்லீரலில் நடந்தவை.

ஏற்பி டிஎன்ஏவில் கண்ட இடத்தில் உட்காராது. அதற்கு ஒரு முகவரி உண்டு: ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற ஆறு எழுத்து, நடுவில் நான்கு எழுத்து இடைவெளி, மறுபடி அதே ஆறெழுத்து. இதை டிஆர்4 என்பார்கள். ஏற்பி தனியாக உட்காருவதைவிட ஆர்எக்ஸ்ஆர் என்ற துணையோடு ஜோடியாக உட்காருவதே வழக்கம். முதல் ஆறெழுத்தில் ஆர்எக்ஸ்ஆர், இரண்டாவதில் தைராய்டு ஏற்பி. எழுத்தில் ஒன்றிரண்டு மாறிய முகவரிகளும், திசை திரும்பியவையும் மரபணுத் தொகுப்பில் ஏராளம். ஆகவே கணினியில் இந்த எழுத்துகளைத் தேடிப் பிடித்ததை மட்டும் வைத்து "இது டி3-இன் மரபணு" என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

இனி முக்கியமான இடம். கீழ்பவானி வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். பவானிசாகரில் இருந்து வரும் தண்ணீர் எல்லா மதகுக்கும் பொது. ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகு, மறு போகத்துக்கு இரட்டைப்படை மதகு. முறை இல்லாத மதகில் லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் ஊழியர்) இருக்கிறார், ஷட்டரும் இருக்கிறது. முறை இல்லை என்பதற்காக லஸ்கர் வீட்டுக்குப் போய்விடுவதில்லை; ஷட்டரை இறக்கிப் பூட்டி வைத்திருப்பதும் அவர் வேலைதான். ஆர்டர் வந்ததும் அதே ஆள், அதே ஷட்டரை ஏற்றுகிறார். டி3 இல்லாத ஏற்பி இப்படித்தான் டிஎன்ஏ மேல் நின்று வேலை செய்கிறது. என்கோர்-1, ஸ்மர்ட் என்ற இணை அடக்கிகளை அது பிடித்து வைத்திருக்கும். அவற்றோடு எச்டாக்-3 என்ற நொதி வரும். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்திலிருந்து அசிட்டைல் தொகுதிகளை எச்டாக்-3 நீக்கும். அசிட்டைல் போனதும் அந்தப் பகுதி இறுகிக்கொள்ளும். ஆர்என்ஏ பாலிமரேஸால் எளிதில் உள்ளே வர முடியாது.

டி3 வந்து ஏற்பியின் குழிக்குள் அமர்ந்ததும் ஏற்பியின் வால்பகுதியான 12-ஆவது சுருள் மடங்கி மூடிக்கொள்ளும். அடக்கிகள் பிடித்திருந்த பரப்பு மறைந்து, எஸ்ஆர்சி-1, பி300 போன்ற இணைத் தூண்டிகள் உட்காரும் பரப்பு உருவாகும். பி300 அசிட்டைலைத் திரும்ப ஏற்றும், மீடியேட்டர் தொகுதி வரும், பாலிமரேஸ் படியெடுக்கத் தொடங்கும். பாடப்புத்தகம் இந்த இடத்தில் நின்றுவிடும். எலியின் கல்லீரலில் மரபணுத் தொகுப்பு முழுவதையும் அளந்த பிற்காலச் சோதனைகள் இதைத் திருத்துகின்றன. டி3 வந்த பிறகும் பல இடங்களில் அடக்கி முழுதாக விலகுவதில்லை. ஏற்பியும் டி3 வந்தபின் டிஎன்ஏவில் கூடுதலாகவே குவிகிறது. ஷட்டர் ஓரடி, ஒன்றரை அடி என்று அளவாக ஏறுகிறது என்று கொண்டால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். ஸ்விட்ச் போட்டு அணைக்கிற கணக்கு இதற்குப் பொருந்தாது.

வெற்று ஏற்பி கெடுதல் செய்யும் என்பதற்கு எலிகளில் அழகான நிரூபணம் உண்டு. பாக்ஸ்8 மரபணு இல்லாத எலிக் குட்டிக்குத் தைராய்டு ஹார்மோனே சுரக்காது. பால்குடி மறக்கும் பருவத்தில் செத்துவிடும். அதே குட்டிக்கு ஆல்ஃபா ஏற்பியின் மரபணுவையும் சேர்த்து நீக்கினால் பிழைத்துக்கொள்கிறது. 2002-இல் வந்த முடிவு இது. ஹார்மோனும் இல்லை, அந்த ஏற்பியும் இல்லை. ஆனாலும் உயிர் தங்குகிறது. லஸ்கரே இல்லாத மதகில் ஷட்டர் இறுகப் பூட்டப்படாமல் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும் அல்லவா, அது போல. ஹார்மோன் இல்லாத ஏற்பி, ஏற்பி இல்லாததைவிட மோசம்.

இதை மனதில் வைத்து அம்மாவின் எல்டிஎல்லைப் பாருங்கள். கல்லீரல் செல்லின் மேல் இருக்கும் எல்டிஎல் ஏற்பிதான் இரத்தத்து எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும். அதற்கான எல்டிஎல்ஆர் மரபணுவை டி3 இரண்டு வழிகளில் ஏற்றுகிறது. ஒன்று தைராய்டு ஏற்பி வழியாக நேரடியாக. மற்றொன்று எஸ்ரெப்-2 என்ற புரதம் வழியாக. எஸ்ரெப்-2 மரபணு டி3-க்குக் கட்டுப்பட்டது, எல்டிஎல்ஆர் மரபணு எஸ்ரெப்-2-க்குக் கட்டுப்பட்டது. டி3 குறைந்தால் இரண்டு வழியும் மந்தமாகும். துகளை இழுக்க ஆள் குறைவு. எல்டிஎல் இரத்தத்திலேயே சுற்றும். கல்லீரல் கொழுப்பை அதிகம் உற்பத்தி செய்ததால் ஏறிய எண் இது என்று நினைத்து எண்ணெய், நெய்யை மட்டும் நிறுத்தினால் பெரிதாக இறங்காது. கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக்கும் சிஒய்பி7ஏ1 மரபணுவும் எலியில் டி3-க்கு நன்றாக ஏறும். மனித மரபணு அதே மாதிரி நடந்துகொள்வதில்லை. எலிப் படத்தை அப்படியே மனிதருக்கு வரையாதீர்கள்.

டி3 ஏற்றும் மற்ற மரபணுக்களில் டிஎச்ஆர்எஸ்பி பழையது, நம்பகமானது. இரு பரிமாண ஜெல்லில் 14-ஆவது புள்ளியாகத் தெரிந்ததால் ஸ்பாட்-14 என்று பெயர். எலிக்கு டி3 கொடுத்த அரை மணிக்குள்ளேயே கல்லீரல் உட்கருவில் இதன் முன்னோடி ஆர்என்ஏ ஏறத் தொடங்கிவிடும். மாலிக் நொதி, கொழுப்பு அமிலம் கட்டும் ஃபேஸ்என், கொழுப்பு அமிலத்தை எரிக்க மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பும் சிபிடி1ஏ, டைஅயோடினேஸ்-1 ஆகியவையும் ஏறும். கட்டுவதும் எரிப்பதும் ஒரே ஹார்மோனில் ஏறுவது முரணாகத் தெரியலாம். இரண்டும் சேர்ந்து ஓடும்போதுதான் சக்தி செலவாகி வெப்பம் வெளிவருகிறது. தைராய்டு மிகுந்தவர்களுக்குப் பசியும் மெலிவும் உடல் சூடும் ஒன்றாக வருவதில் இதற்கும் பங்கு உண்டு. குறைந்தவர்களிடம் எரிப்பு மந்தமாகிக் கல்லீரலில் கொழுப்பு தங்குவதும் பரவலாகக் காணப்படுகிறது.

டி3 என்றால் எல்லா மரபணுவும் ஏறும் என்று எண்ண வேண்டாம். 2000-இல் எலியின் கல்லீரலில் 2225 மரபணுக்களை அளந்தபோது டி3-க்கு மாறியவை 55. அவற்றில் இறங்கியவையே அதிகம். இறக்கத்துக்கு ஏற்றம் போல ஒரே விளக்கம் கிடையாது. சில இடங்களில் டி3 முதலில் வேறொரு அடக்கியை ஏற்றி, அது வந்து மற்றதை இறக்குகிறது.

இனி நாள் கணக்கு. "பத்து நாளா மாத்திரை போடறேனுங்க, ஒண்ணும் தெரியலீங்களே" என்று பலர் பத்தாம் நாளே சலித்துக்கொள்வார்கள். டி4 இரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 7 நாள் ஆகும். ஒரே அளவை விடாமல் எடுத்தால் நிலையான மட்டம் வர ஐந்து மடங்கு, அதாவது ஐந்தாறு வாரம். டிஎஸ்எச்சை 6 முதல் 8 வாரத்தில் பார்ப்பது இதனால்தான். அதற்குப் பிறகும் எம்ஆர்என்ஏ ஏற வேண்டும், புரதம் சேர வேண்டும், தேங்கிய எல்டிஎல் வடிய வேண்டும். மூன்று மாதத்தில் கொழுப்பைப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்ன கணக்கு சரியாக வருகிறது. டிஎஸ்எச் சீரான பிறகும் எல்டிஎல் உயரமாகவே நின்றால் அதற்கு வேறு காரணம் உண்டு. அப்போது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையின் பேச்சு வரும். சிகிச்சை பெறாத தைராய்டு குறைவிலேயே தசை வலியும் இரத்தத்தில் சிகே என்ற தசை நொதியின் அளவும் ஏறியிருக்கும். அதன் மேல் ஸ்டாட்டின் போட்டால் தசைப் பாதிப்புக்கு வாய்ப்பு கூடும். ஏற்கெனவே இதய நோய்க்காக ஸ்டாட்டின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது. டிஎஸ்எச் 6, 7 என்று லேசாக மட்டும் ஏறியவர்களுக்கு எல்டிஎல் இறக்கமும் சிறிதாகவே இருக்கும். அம்மாவின் 38 அப்படிப்பட்டதல்ல.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம். முடி உதிர்வுக்கு பயோட்டின் எடுக்கிறார் என்றால் இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல கருவிகளின் சோதனை முறையே பயோட்டின் பிணைப்பை நம்பியிருப்பதால், டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து காட்டும். குச்சிக்கிழங்கு சாப்பிடலாமா என்ற கேள்வி சேலம், நாமக்கல் பக்கம் எப்போதும் வரும். கிழங்கின் சயனைடு உடலில் தயோசயனேட்டாக மாறி, சுரப்பி அயோடினை உறிஞ்சுவதைத் தடுக்கும். கல்லீரல் ஏற்பியை அது தொடுவதில்லை. முழு அளவு மாத்திரையில் இருப்பவருக்கு ஹார்மோன் மாத்திரையிலிருந்து வருகிறது. தோலுரித்து, வேகவைத்து, தண்ணீரை வடித்த கிழங்கை அளவாகச் சாப்பிடுவதில் தைராய்டுக்காகப் பயப்பட ஒன்றுமில்லை.

கொழுப்பு இறங்குமென்றால் எல்லோருக்கும் தைராய்டு ஹார்மோனையே கொடுத்தால் என்ன? அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களுக்கு டி4-இன் கண்ணாடிப் பிம்ப வடிவமான டெக்ஸ்ட்ரோதைராக்சினைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு இறங்கியது, இறப்பு கூடியதால் 1970களின் தொடக்கத்தில் நிறுத்தினார்கள். இதயத்தின் ஆல்ஃபா ஏற்பியும் சேர்ந்து தூண்டப்படுவதுதான் இந்த வகை மருந்துகளின் அபாயம். பீட்டாவை மட்டும் குறிவைக்கும் மருந்துகளைத் தேடினார்கள். எப்ரோடிரோம் நாய்களில் குருத்தெலும்பைக் கெடுத்ததால் 2012-இல் நின்றது. ரெஸ்மெடிரோம் தப்பியது: கல்லீரல் கொழுப்பழற்சியோடு நடுத்தரம் முதல் தீவிரம் வரையிலான வடுவும் (சிரோசிஸ் அல்ல) உள்ளவர்களுக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டு ஏற்பிக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாட்டை வைத்து ஒரு மருந்தே வந்திருக்கிறது.

இனி உங்கள் புராஜெக்ட். ஹெப்-ஜி2-இல் செய்யலாம், ஆனால் அதில் தைராய்டு ஏற்பி மிகக் குறைவு. சாதாரண ஹெப்-ஜி2-இல் டி3 போட்டு ஒன்றும் ஏறவில்லை என்று முடிவெழுதியவர்களில் பலரும் விழுந்த குழி இது. பீட்டா ஏற்பியை நிலையாக ஏற்றிய செல் வரிசை கிடைத்தால் வாங்குங்கள்; கிடைக்காவிட்டால் பிளாஸ்மிட் வழியாக ஏற்றுங்கள். வெற்று பிளாஸ்மிட் ஏற்றிய செல்லும் கூடவே இருக்க வேண்டும்.

இரண்டாவது குழி சீரம். மாட்டுக் கரு சீரத்தில் டி3, டி4 இரண்டும் உண்டு. அதை 10 சதவீதம் ஊற்றினால் உங்கள் "ஹார்மோன் இல்லாத" பிளேட்டிலும் ஹார்மோன் இருக்கும். ஷட்டர் பாதி ஏறியே இருக்கும், மேலே டி3 போட்டு என்ன மாற்றம் தெரியும்? ஏஜி1-எக்ஸ்8 என்ற அயனிப் பிசினை ஒரு மில்லிலிட்டர் சீரத்துக்கு 50 மில்லிகிராம் கணக்கில் கலந்து சுழற்றி, பிரித்து, புதுப் பிசினோடு மறுபடி ஒருமுறை செய்து, வடிகட்டிக் கிருமி நீக்கிப் பயன்படுத்துங்கள். கரித்தூளில் உரித்த சீரத்தில் ஸ்டீராய்டும் போய்விடும். எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதுவது அவசியம்.

டி3 சோடியம் உப்பின் மூலக்கூறு எடை 673. 6.73 மில்லிகிராமை 10 மில்லிலிட்டர் 0.02 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்தால் 1 மில்லிமோலார். சிறு குழாய்களில் பிரித்து, அலுமினியத் தாள் சுற்றி, மைனஸ் 20-இல் வையுங்கள். அதை நூறு மடங்கு நீர்த்தால் 10 மைக்ரோமோலார். அதிலிருந்து ஒரு மில்லிலிட்டர் ஊடகத்துக்கு 1 மைக்ரோலிட்டர் போட்டால் 10 நானோமோலார். கட்டுப்பாட்டுக் குழியில் அதே அளவு வெறும் கரைப்பான். நீர்த்த டி3 பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அன்றன்று நீர்த்துப் பயன்படுத்துங்கள், ஊடகத்தில் கொஞ்சம் அல்புமின் இருக்கட்டும். இரத்தத்தில் பிணைப்பில்லாத டி3 சில பிகோமோலார்தான். சீரமே இல்லாத ஊடகத்தில் 10 நானோமோலார் என்பது அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். 0.1, 1, 10, 100 நானோமோலார் என்று படி வைத்துப் போடுங்கள். ஒரே அளவில் வரும் முடிவுக்கு மதிப்புக் குறைவு.

சிக்ஸ்-வெல் பிளேட்டில் குழிக்கு 5 லட்சம் செல். ஒரு நாள் ஒட்டவிட்டு, உரித்த சீரத்தில் 24 மணி நேரம் வைத்து, பிறகு டி3. 2, 6, 24 மணியில் ஆர்என்ஏ எடுங்கள். நேரடி விளைவா, வழியில் வேறொரு புரதம் உருவாகி வந்த விளைவா என்று பிரிக்க, புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் போட்ட தொகுதி வேண்டும். அது மட்டும் போட்ட குழியும் வேண்டும், சில எம்ஆர்என்ஏக்கள் சைக்ளோஹெக்சிமைடுக்கே ஏறும். ஆர்என்ஏ 260/280 விகிதம் 2-ஐ ஒட்டி இருக்கட்டும். டிஎன்ஏஸ் போட்டபின் 1 மைக்ரோகிராமிலிருந்து சிடிஎன்ஏ. ஒப்பீட்டு மரபணு ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு வைத்து, டி3-க்கு அவை அசையவில்லை என்று முதலில் காட்டுங்கள். கியூபிசிஆரில் சிடி (மரபணு தென்பட ஆகும் சுழற்சி எண்ணிக்கை) ஒன்று குறைந்தால் இரு மடங்கு. எல்டிஎல்ஆரில் வரும் மாற்றம் அந்த அளவிலேயே இருக்கலாம் என்பதால், ஒரே நாள் மூன்று குழி போதாது. வெவ்வேறு நாளில் மூன்று தனித் தொகுதி செய்யுங்கள்.

சாட்சி மரபணுவாக கேஎல்எஃப்9 வையுங்கள். டி3-க்கு நேரடியாக, சீக்கிரம் ஏறும். அது டெக்ஸாமெத்தசோனுக்கும் ஏறும் என்பதால் ஊடகத்தில் அந்த மருந்து இருக்கக் கூடாது. டிஎச்ஆர்எஸ்பி, மாலிக் நொதி இரண்டும் குளுக்கோஸுக்கும் ஏறுபவை; 5.5 மில்லிமோலாரில் ஒரு பிளேட், 25-இல் ஒரு பிளேட் என்று கலந்துவிடாதீர்கள்.

கேஎல்எஃப்9 ஏறவில்லை என்றால் ஏற்பியோ, சீரமோ, டி3 கரைசலோ பழுது. மற்ற எண்களைப் பார்க்கவே வேண்டாம். கேஎல்எஃப்9 நன்றாக ஏறி எல்டிஎல்ஆர் மட்டும் அசையவில்லை என்றால் சீரத்தில் உள்ள கொலஸ்டிராலைச் சந்தேகியுங்கள். பிசின் ஹார்மோனை எடுக்கும், எல்டிஎல்லை எடுக்காது. உள்ளே கொலஸ்டிரால் நிறைந்த செல் எஸ்ரெப்-2-ஐ முடக்கி வைக்கும், டி3 எவ்வளவு போட்டாலும் அந்த வழி திறக்காது. கொழுப்புப்புரதம் நீக்கிய சீரத்துக்கு மாற்றி, அதே நான்கு அளவுகளை மறுபடி ஓட்டி, கூடவே வெஸ்டர்ன் பிளாட்டில் எல்டிஎல்ஆர் புரதத்தையும் பாருங்கள்.